சுகர் மாத்திரை தொடங்கியதும் பார்வை ஏன் மங்குகிறது?

கேள்வி இதுதான். வயது 48. சுகர் இருப்பது ஒரு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது, மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 11.4 சதவீதம். மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் கைபேசி எழுத்து மங்க ஆரம்பித்தது. புதுக் கண்ணாடி போட்டார், ஒரு வாரத்தில் அதுவும் ஒத்துவரவில்லை. "மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இது சுகரால் வந்ததா, மாத்திரையால் வந்ததா, பார்வை திரும்புமா?

முதலில் ஒன்று: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் மங்கல். ஆனால் உங்கள் கண்ணில் பார்த்தே ஆகவேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அது மங்கலாகத் தெரியாது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். நான் கண் மருத்துவர் இல்லை, கண்ணுக்குப் பவர் பார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். உங்களைப் போல "போன வாரம் போட்ட கண்ணாடி சரியில்லை" என்று கோபத்தோடு வருகிறவர்களில் சுகர்க்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருவிழிக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதில் ரத்தக்குழாயே கிடையாது. தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் அது உணவை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். லென்ஸுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் தேவையில்லை, தாராளமாக உள்ளே போய்விடும். போனதில் ஒரு பகுதியை அங்குள்ள ஒரு நொதி சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த சார்பிட்டால் உள்ளே வந்த சர்க்கரையைப் போல எளிதில் வெளியே போகாது. சேர்ந்துகொண்டே இருக்கும், கூடவே தண்ணீரையும் இழுக்கும். லென்ஸின் வடிவமும் அதன் ஒளி வளைக்கும் திறனும் கொஞ்சம் மாறினால் போதும், கண்ணாடி பவர் மாறிவிடும்.

சுகர் பல மாதம் ஏறியே இருந்தால் பவர் பெரும்பாலும் மைனஸ் பக்கம் சாயும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே வந்தார். படிப்பதற்குப் போட்டுவந்த கண்ணாடி இனி வேண்டாமாம், ஆறு மாதமாகக் கண்ணாடி இல்லாமலே எல்லாம் படிக்கிறாராம். தூரம்தான் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது என்றார். சோதனைச் சட்டத்தை மாட்டிப் பார்த்தேன். முந்தின வருடம் பூஜ்யமாக இருந்த இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. அந்த வயதில், இரண்டு கண்ணிலும் ஒரே அளவில், இவ்வளவு வேகமாக மைனஸ் ஏறினால் எனக்கு வேறு சந்தேகமே வராது. கண்ணாடி எழுதித் தராமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சுகர் இருந்தது, அவருக்கே தெரியாமல்.

உங்களுக்கு நடப்பது இதன் மறுபாதி. மாத்திரை வேலை செய்து ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது. லென்ஸுக்குள் சேர்ந்தது அதே வேகத்தில் இறங்குவதில்லை. வெளியே சர்க்கரை குறைவு, உள்ளே அதிகம் என்று ஆகும்போது தண்ணீர் உள்ளே போகிறது, பவர் இப்போது பிளஸ் பக்கம் சாய்கிறது. 48 வயதில் கிட்டத்தில் உள்ளதைக் கூர்மையாக்கும் சக்தி ஏற்கனவே பாதிக்கு மேல் போயிருக்கும். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது கைபேசி எழுத்துதான். இன்சுலின் தொடங்குகிறவர்களுக்கும் இதே கதை. முதல் ஓரிரு வாரத்தில் பிளஸ் ஏறி, பிறகு மெல்லக் குறைந்து, சர்க்கரை ஓரிடத்தில் நின்றதும் சில வாரங்களில் லென்ஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். பொதுவாக ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் பிடிக்கும்.

அதனால்தான் புதிதாகச் சிகிச்சை தொடங்கியவருக்கு நாங்கள் உடனே கண்ணாடி எழுதுவதில்லை. இன்று எழுதுவது அடுத்த வாரம் பொருந்தாது. சர்க்கரை ஆறு வாரமாவது ஒரே மட்டத்தில் நிற்கட்டும், அதன் பிறகு ஒருமுறை பவர் பார்த்தால் போதும். அதுவரை படிக்க முடியாமல் திண்டாடினால், ஆயத்தமாகக் கிடைக்கும் பிளஸ் கண்ணாடி ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். உங்களுக்கு அந்த வாரம் கண்ணாடி எழுதிக் கொடுத்தவர் "சமீபத்தில் சுகர் பார்த்தீர்களா, மருந்து ஏதும் மாற்றினீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். தடிமனான அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மங்கலாகத் தெரிகிற எழுத்தை அந்தத் துளை வழியாகப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில். எழுத்து துலக்கமாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில்தான். துளை வழியாகவும் அதே மங்கல் என்றால், அல்லது இன்னும் மோசமாகத் தெரிந்தால், விழித்திரையையோ வேறு எதையோ சந்தேகப்பட வேண்டும். அப்புறம் அடுத்த கண். நாங்கள் கருவியில் செய்வதும் இதையேதான். ஆனால் துளையில் நன்றாகத் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஏன் என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

சுகரால் கண்ணுக்கு வரும் உண்மையான சேதம் லென்ஸில் இல்லை, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தாங்கிப் பிடிக்க சில செல்கள் இருக்கின்றன. பல வருட உயர் சர்க்கரையில் இவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாய் சின்னப் பையாகப் புடைக்கிறது. கண்ணுக்குள் எடுத்த படத்தில் அது ஊசி முனையால் வைத்த சிவப்புப் புள்ளி மாதிரி இருக்கும். உண்மை அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலிருந்து ரத்தம் கசிந்தால் கொஞ்சம் பெரிய சிவப்புத் திட்டு. கொழுப்பு கலந்த நீர் கசிந்து உறைந்தால் மஞ்சள் நிறப் பொட்டுகள், சில சமயம் கசியும் இடத்தைச் சுற்றி வளையமாக. குழாய் அடைத்துக்கொண்டால் அங்கே பஞ்சை ஒட்டியது போல வெள்ளைத் திட்டு.

படத்தில் இவ்வளவு இருக்கும்போதும் அந்த ஆள் என் முன்னால் உட்கார்ந்து பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிப்பார். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. நாம் படிப்பதும் முகம் பார்ப்பதும் விழித்திரையின் நடுவில் உள்ள மேக்குலா என்ற சின்னப் பகுதியால். சேதம் அதைத் தொடாத வரை பலகையில் தேர்வாகிவிடலாம். வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. "எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கிறவருக்கு என்னிடம் உள்ள பதில் அவருடைய விழித்திரைப் படம்தான்.

பார்வையைப் பறிப்பது இரண்டு வழியில். ஒன்று, கசிவு மேக்குலாவுக்குள் வந்து அது வீங்குவது. மேக்குலாவின் நடுப்பகுதியின் தடிமன் சாதாரணமாக 250 முதல் 270 மைக்ரான் வரை, அதாவது கால் மில்லிமீட்டர் சொச்சம். வீங்கினால் 400, 500 என்று போகும். ஓ.சி.டி. என்ற கருவி தொடாமல், ஊசி போடாமல், சில நொடிகளில் இதை அளந்து குறுக்குவெட்டுப் படமாகக் காட்டிவிடும். மேக்குலா வீங்கியவருக்கு நேர்க்கோடு நெளிந்து தெரியும், ஒரு வரியில் நடு எழுத்து மட்டும் அழுக்காகத் தெரியும். கண்ணாடி மாற்றி இது சரியாகாது. மற்ற சேதம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இது வரலாம்.

மற்றொன்று இன்னும் மோசம். குழாய்கள் அடைத்து ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய் வேண்டும் என்று வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை, வலுவாகவும் இல்லை. விழித்திரையின் மேற்பரப்பில் கொடி போலப் படர்ந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லைப் பிடித்துக்கொள்ளும். ஜெல் கொஞ்சம் அசைந்தாலும் கிழியும். திடீரென்று கண் முன் கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டுவது, சிலந்திவலை தொங்குவது, ஒரு பக்கம் திரை இறங்குவது எல்லாம் அப்போதுதான். இதில் ஏதாவது வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. கொடியோடு சேர்ந்து வளரும் தழும்பு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடவும் கூடும். விசித்திரம் என்னவென்றால், கொடி படர்ந்து ரத்தம் கசியக் காத்திருக்கும் அந்தக் கட்டத்தில்கூடப் பார்வை முழுசாக இருக்கலாம்.

உலக அளவில் சுகர் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு விழித்திரையில் ஏதாவது ஓர் அளவில் சேதம் இருக்கிறது, பத்தில் ஒருவருக்கு அது பார்வைக்கே ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை முக்கியமானது வேறு ஒன்று. இரண்டாம் வகை சுகர் (நடுவயதில் பெரும்பாலும் வருவது) கண்டுபிடிக்கப்படும் நாளில் ஆரம்பிப்பதில்லை, அதற்குச் சில வருடம் முன்பே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், புதிதாகச் சுகர் கண்டறியப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு விழித்திரையில் மாற்றம் இருந்தது. எனவேதான் இரண்டாம் வகைக்குத் தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை. முதல் வகைக்கு ஐந்து வருடத்துக்குள். சுகர் உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள், முடிந்தால் கர்ப்பத்துக்கு முன்பே, ஏனென்றால் அந்தச் சமயத்தில் சேதம் வேகமாக முன்னேறக்கூடும். கர்ப்பத்தில் மட்டும் வரும் சுகருக்கு இந்தக் கவலை இல்லை. அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. இரண்டு மூன்று முறை எதுவும் இல்லை, சர்க்கரையும் கட்டுக்குள் என்றால் இரண்டு வருட இடைவெளிக்கு மருத்துவர் சம்மதிக்கலாம்.

ஆகவே கண்ணாடிக்குத்தான் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறேன், விழித்திரைப் பரிசோதனைக்கு இல்லை. அது இந்த வாரமே நடக்கட்டும்.

உங்களுக்கு அவசரப்படுத்த இன்னொரு காரணமும் உண்டு. 11.4 என்ற அளவிலிருந்து சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, விழித்திரையில் ஏற்கனவே சேதம் இருந்தால், அது முதல் சில மாதங்களில் சற்று மோசமாகிப் பிறகு திரும்புவது உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை சுகர்க்காரர்களிடம் நடந்த டி.சி.சி.டி. ஆய்விலேயே இது தெரிந்தது. சுகருக்குப் போடும் செமாக்ளூட்டைட் ஊசியைச் சோதித்த, 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்விலும் கண் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன, அதற்கும் வேகமாக இறங்கிய சர்க்கரையையே பலர் காரணமாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா மருந்துதான் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே டி.சி.சி.டி. ஆய்வின் முடிவு 1993-ல் வந்தபோது, சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், சேதமே இல்லாமல் சேர்ந்தோருக்குப் புதிதாகச் சேதம் வருவது 76 சதவீதம் குறைந்திருந்தது. முதல் வருடத்து நட்டத்தைப் பின்வந்த வருடங்களின் லாபம் விழுங்கிவிட்டது. தொடக்கத்தில் கண்ணின் நிலை என்ன என்று தெரிந்திருந்தால், இறக்கும் வேகத்தையும் அடுத்த கண் பரிசோதனையின் தேதியையும் மருத்துவர் அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

மாத்திரைகளில் கண்ணைத் தொடுவதாக எனக்குத் தெரிந்தது பியோகிளிட்டசோன். உடலில் நீர் தேங்கச் செய்யும் மருந்து அது, சிலருக்கு மேக்குலா வீக்கமாகவும் அது வெளிப்படலாம். உங்கள் சீட்டில் அது இருந்து, ஓ.சி.டி.யில் வீக்கமும் இருந்தால் சுகர் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை என்றே பேசிக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் மறந்துபோகிறது. கசியும் குழாய்க்குள் அழுத்தமும் அதிகம் என்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. யு.கே.பி.டி.எஸ். 1998-ல் காட்டியது, அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைச் சேதம் முன்னேறுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சிறுநீரகம் பழுதானாலும் ரத்தசோகை இருந்தாலும் கண் மோசமாகும். கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை, ஆரம்பச் சேதம் உள்ளவர்களுக்கு முன்னேற்றத்தைத் தணிப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, சேதம் இருக்கிறது என்று வந்துவிட்டால்? பயப்படுகிறவர்களிடம் ஒரு பழைய கதை சொல்வேன். 1953-ல் டென்மார்க்கில் ஒரு மருத்துவர் சுகர் உள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போன அவருடைய விழித்திரைச் சேதம் மறைந்துவிட்டிருந்தது. வேறு வழி இல்லாத காலம். உலகெங்கும் அடுத்த ஏறத்தாழ இருபது வருடம், பார்வையைக் காப்பாற்றுவதற்காக மூளையடியில் உள்ள அந்தச் சுரப்பியையே அறுவை செய்தோ கதிர்வீச்சாலோ அழித்தார்கள். பிறகு லேசர் வந்தது. விழித்திரையின் ஓரங்களில் ஆயிரத்துக்கு மேல் சின்னச் சின்னத் தீப்புள்ளிகள் வைத்தால், ஆக்ஸிஜன் கேட்டு அலறும் திசு குறைந்து, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1970-களிலேயே நிரூபணமாயிற்று. விலையும் உண்டு: ஓரப்பார்வையும் இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையும். நடுவைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுப்பது.

மேக்குலா வீக்கத்துக்கு இப்போது முதலில் போடுவது வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசி: ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப். கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிருமிநாசினியால் கழுவி, இமையை ஒரு கவ்வியால் விரித்து, கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் முடி போன்ற ஊசியால் ஒரு நொடி. ஒரு அழுத்தம் மட்டும் தெரியும் என்பார்கள் போட்டுக்கொண்டவர்கள், அன்று இரவு கிருமிநாசினியால் வரும் எரிச்சல்தான் அதிகத் தொந்தரவு என்றும் சொல்வார்கள். ஒரு ஊசியில் முடியாது. முதலில் மாதம் ஒன்று, பிறகு வீக்கத்தைப் பார்த்து இடைவெளி. நடுவில் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் பார்வை கைவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட சில நாளில் கண் சிவந்து, வலித்து, பார்வையும் குறைந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அரிது, ஆனால் அன்றே ஓடவேண்டியது. ரத்தம் தேங்கி நின்றாலோ விழித்திரை இழுபட்டாலோ ஜெல்லை வெட்டி எடுக்கும் அறுவைசிகிச்சை உண்டு.

மற்றவற்றை ஓரிரு வரியில் முடிக்கிறேன். கண்புரை சுகர்க்காரருக்குச் சில வருடம் முன்னதாகவே வரும், அறுவையில் சரியாகும், ஆனால் அதற்கு முன் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண் நீர் அழுத்த நோய்க்கும் வாய்ப்பு சற்று அதிகம். ஒரு நாள் காலை எழுந்ததும் எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்று செயலிழந்திருக்கலாம். சுகரால் வந்ததென்றால் மூன்று மாதத்தில் பெரும்பாலும் மீளும், ஆனால் அது சுகர்தானா, மூளையில் வேறு ஏதாவதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி இரண்டையும் கொண்டுபோங்கள். பவர் எப்படி நகர்ந்திருக்கிறது என்று அதிலிருந்தே தெரியும். ரத்தப் பரிசோதனைச் சீட்டும் மருந்துச் சீட்டும் வேண்டும். "சொட்டு விட்டு கண்மணியை விரித்துப் பாருங்கள், அல்லது விழித்திரையைப் படம் எடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பவர் மட்டும் பார்த்து அனுப்பினால் அது இந்தப் பரிசோதனை இல்லை. சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. ஒரு கறுப்புக் கண்ணாடியும் கூட வர ஓர் ஆளும் இருந்தால் நல்லது. அன்று சாயங்காலம் கைபேசியை எடுத்துப் பார்த்தால் எழுத்து இன்னும் மோசமாகத் தெரியும். பயப்படாதீர்கள், அது சொட்டு மருந்தின் வேலை.